வாடிக்கையாளரை வரவேற்றல்: அடிப்படை நிலை

கடைத்தெருவில் யாருக்கும் வியாபாரம் செய்யத் தெரியவில்லை என்று ஒரு குழு கண்டுபிடித்தது. குழுவில் இருந்த எவரும் வாழ்நாளில் ஒரு குண்டூசிகூட விற்றதில்லை. அதனால்தான் பாரபட்சம் இல்லாமல் கண்டுபிடிக்க முடிந்தது. கடைக்குள் வருகிறவரைப் பார்த்துக் கடைக்காரர்கள் "என்ன வேணும்?" என்று கேட்கிறார்களாம். வந்தவருக்கு என்ன வேண்டும் என்பதை வந்தவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்வது எவ்வளவு பின்தங்கிய முறை என்று குழுவின் அறிக்கை பக்கம் பக்கமாக வருத்தப்பட்டது. ஆகவே இனி கடை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால், 'வாடிக்கையாளரை வரவேற்றல்: அடிப்படை நிலை' என்ற இணையவழிப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் காட்ட வேண்டும், காட்டாத கடைக்குச் சீல் வைக்கப்படும் என்று விதி வந்தது.

விதி உடனே வந்துவிட்டது. பயிற்சிதான் வரவில்லை.

தெருவில் முதலில் உரிமம் முடிகிற துரதிர்ஷ்டம் பைக்கடைக்காரருக்கு வாய்த்தது. முடிகிற நாளும் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் வந்து விழுந்தது. வருஷம் முழுக்க ஈ ஓட்டினாலும் அந்த வாரத்தில் எழுந்து நின்றுவிடுகிற கடை அது. கூரையிலிருந்து புத்தகப் பைகள் வௌவால் கூட்டம்போலத் தொங்கும். கீழே பயணப் பெட்டிகள் பெரியதற்குள் சின்னது, சின்னதற்குள் அதைவிடச் சின்னது என்று குடும்பமாக உட்கார்ந்திருக்கும். பைக்கடைக்காரர் ஜிப்பை இழுத்து இழுத்துக் காட்டுவார், விலை சொல்வார். அந்த விலையை விடாமல் பிடித்துக்கொள்வது அவர் மனைவியின் வேலை. அவள் கடையில் இல்லாவிட்டால் மனிதர் விலையைச் சொன்ன கையோடு, வந்தவர் வாய் திறப்பதற்குள் தானே குறைத்துவிடுவார். எதிரில் நிற்பவருடைய முகம் வாடினால் அவருக்குத் தாங்காது. வரவேற்பில் அவரிடம் என்ன குறை என்று அந்தக் குழுவிடம்தான் கேட்க வேண்டும்.

பயிற்சி நடத்தப்போகும் மையத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தார். கோட்டுப் போட்ட இரண்டு பேர் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே 'விரைவில்' என்று இருந்தது. மறுநாள் பார்த்தார். இருவரும் கையை விடாமல் நின்றிருந்தார்கள். கீழே 'விரைவில்' என்பதும் நின்றிருந்தது.

பக்கத்துச் செருப்புக்கடைக்காரருக்கு உரிமம் முடிய இன்னும் நாளிருந்தது. ஆகவே அவருக்கு இதில் நிறைய நகைச்சுவை தெரிந்தது. "நீங்களாவது வர்றவங்க முகத்தைப் பாத்து வியாபாரம் பண்றீங்க. நான் இத்தனை வருஷமா காலைத்தான் பாக்கறேன். என்னையெல்லாம் அடிப்படை நிலையில சேத்துக்கவே மாட்டாங்க" என்றார்.

பைக்கடைக்காரர் நேரிலேயே போய்க் கேட்டுவிடலாம் என்று கிளம்பினார்.

சில்லறை வணிகர் திறன் மேம்பாட்டு மையம் கண்ணாடிக் கட்டடம். உள்ளே நுழைந்ததும் வரவேற்பு மேசை. மேசையில் ஆளில்லை. 'வரவேற்பாளர் பயிற்சிக்குச் சென்றுள்ளார்' என்று ஓர் அட்டை இருந்தது. அட்டையின் மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்தால் அது கொஞ்சம் நீளமான பயிற்சி என்று தெரிந்தது. அவரே வழி கண்டுபிடித்து மாடிக்குப் போனார். அங்கே ஒரு அறை நிறையப் பயிற்சியின் பெயர் அச்சிட்ட கோப்பைகள் அடுக்கியிருந்தன. இன்னொரு அறையில் பயிற்சிக்கென்று எழுதிய பாட்டை நாலு பேர் காதில் மாட்டிக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். தொடக்க விழாவுக்கு நாள் குறித்து அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது.

இயக்குநரின் அறைக்கு வந்து சேர்ந்தார். மையத்தில் எல்லாரும் அவரை முதுகுக்குப் பின்னால் 'முன்னுரை' என்று அழைப்பார்கள். எதையும் ஆரம்பித்துவைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆரம்பித்த எதுவும் அதைத் தாண்டிப் போனதாகவும் தகவல் இல்லை. வந்தவர் என்ன விஷயம் என்று சொல்வதற்குள்ளேயே முன்னுரை கோப்பைகளைக் காட்டி, பாட்டைப் போட்டு, அழைப்பிதழின் தாளைத் தடவிப் பார்க்கச் சொன்னார்.

"எல்லாம் தயார். பாடம் மட்டும்தான் பாக்கி" என்றார். "அது கடைசி நேரத்து வேலை. நிறையப் பேர் என்ன தப்புப் பண்றாங்கன்னா, பாடத்துல ஆரம்பிச்சிடறாங்க. பாடத்துல ஆரம்பிச்சா அது வெறும் பாடமாவே நின்னு போயிடும்."

பைக்கடைக்காரர் பணிவாக, தான் அந்தப் பயிற்சியில் சேர வந்திருப்பதாகச் சொன்னார்.

பாட்டை நிறுத்தினார்கள். பாடத்திட்ட அலுவலர் அம்மையார் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். பக்கத்து அறைகளிலிருந்து வந்து எட்டிப்பார்த்தார்கள். மையம் தொடங்கிய நாளிலிருந்து கற்போர், கற்போர் என்று பேசிக்கொண்டிருந்தார்களே தவிர, ஒருவரும் கற்பவர் ஒருவரை உயிரோடு பார்த்ததில்லை.

அதற்காக அவர்களிடம் ஆராய்ச்சி இல்லாமலில்லை. சுவரில் பெரிய படம் ஒன்று இருந்தது. தலைப்பு 'நம் கற்போர்'. வயது இளமை, மடியில் கணினி, உதட்டில் ஆர்வம். அவருடைய கனவுகள் ஒரு பக்கம், பயங்கள் ஒரு பக்கம், ஓய்வு நேரத்தில் என்ன செய்வார் என்பது அடியில். பாடத்திட்ட அலுவலர் பைக்கடைக்காரரைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கவைத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க கொஞ்சம் விலகி இருக்கீங்க" என்றார் வருத்தத்துடன்.

பைக்கடைக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு படத்துக்கு அருகே நகர்ந்து நின்றார். அம்மையார் சொன்னது அந்த விலகலை அல்ல.

படத்தைத் திருத்த நிதி ஒதுக்கீடு இல்லாததால், ஆளை ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அவரை 'கற்போர் பிரதிநிதி'யாக நியமித்தார்கள். கூட்டங்களுக்கு வர வேண்டும், கருத்துச் சொல்ல வேண்டும். தனக்குச் சான்றிதழ் சீக்கிரம் கிடைக்குமா என்று கேட்டார். "நீங்கதானே முதல் ஆள்" என்றார் முன்னுரை. கடைத்தெருவில் இப்படிச் சொன்னால் சரக்கை எடுத்துத் தனியே வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அலுவலகங்களில் இதற்கு என்ன அர்த்தம் என்பதை மனிதர் அறியார். கோப்பை ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்பினார்.

அதன்பின் கூட்டங்கள். பயிற்சியின் முடிவில் கற்போர் என்ன செய்பவராக மாறியிருப்பார் என்பதை வரையறுக்க ஒரு நாள் முழுக்கக் கூடினார்கள். பிரதிநிதியின் கருத்தைக் கேட்டபோது, "கடையைத் திறப்பேன் சார்" என்றார். அதை அளக்க முடியாது என்று ஒதுக்கினார்கள். புன்னகையை அளக்கலாம் என்று பாடத்திட்ட அலுவலர் சொல்ல, எல்லாருக்கும் உயிர் வந்தது. எவ்வளவு விரிந்தால் வரவேற்பு, எவ்வளவுக்கு மேல் விரிந்தால் சந்தேகம் என்று மதியச் சாப்பாடு வரை பேசினார்கள். சாப்பாட்டுக்குப் பின் பிரதிநிதியைச் சிரிக்கச் சொல்லி ஒரு கருவியால் படம் எடுத்துப் பார்த்தார்கள். அவருடைய சிரிப்பு 'ஏற்கத்தக்கது' என்பதற்கும் 'கவலைக்குரியது' என்பதற்கும் நடுவே விழுந்தது. அவர் அப்போது கடையை நினைத்துக்கொண்டிருந்தார். கடையில் மனைவி ஒற்றை ஆளாக ஏணியில் ஏறிப் பையை இறக்குவதும், இறங்கி விலை பேசுவதும், மறுபடி ஏறுவதுமாக இருப்பாள்.

பிறகு படப்பிடிப்பு. முதலில் பைக்கடைக்கே கேமராவோடு வந்தார்கள். இடம் பிடித்திருந்தது. ஆனால் ஒரே தொல்லை, எந்த நேரமும் வாடிக்கையாளர்கள் குறுக்கே வந்துகொண்டிருந்தார்கள். இந்தச் சூழலில் வாடிக்கையாளரை வரவேற்பது பற்றி எதையும் படமாக்க முடியாது என்று கேமராக்காரர் கையை விரித்துவிட்டார். ஆகவே மையத்தின் கீழ்த்தளக் கூட்ட அறையில் ஒரு பைக்கடையைக் கட்டினார்கள். பலகை, விளக்கு, ஷட்டர்கூட வைத்தார்கள். பைகளை மட்டும் பிரதிநிதி கொண்டுவர வேண்டும், அதுவும் புது மாதிரியாக இருக்க வேண்டும்.

மனைவி இதைக் கேட்டுவிட்டு ஏணியிலிருந்து இறங்காமலே பேசினாள். "பள்ளிக்கூடம் திறக்கற நேரத்துல இருக்கற நல்ல சரக்கையெல்லாம் தூக்கி அங்க குடுத்துட்டு, இங்க எதைங்க தொங்கவிடறது? உங்களையா?"

ரெண்டே நாள், படம் எடுத்ததும் திருப்பித் தந்துவிடுவார்கள், நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நாளைக்குச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவரும் திருப்பிக்கொள்வார் என்று என்னென்னவோ சொல்லி வண்டியில் ஏற்றினார். மனைவி போகிற பைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய்ப் போன வருஷத்துப் பைகளைத் தூசி தட்ட ஆரம்பித்தாள்.

செட்டில் கடைக்காரர் வேஷம் முன்னுரைக்கு. சில்லறை வணிகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் இருக்கும்போது வேறு யாரைப் போடுவது? உண்மையான கடைக்காரரை ஒரு முறை நிற்கவைத்துப் பார்த்தார்கள். இயல்பாக இல்லை என்று இறக்கிவிட்டு, வாடிக்கையாளராகப் போட்டார்கள். "வணக்கம், எனக்கு ஒரு பை தேவைப்படுகிறது" என்பது வசனம். அதை அவர் சரியாகவே சொன்னார். ஆனால் முன்னுரை விலை சொன்னதும் பழக்க தோஷத்தில் "கட்டுமா சார் உங்களுக்கு? வேணும்னா இன்னும் கொஞ்சம் ஏத்திச் சொல்லுங்க" என்றுவிட்டார். பேரம் இரண்டாம் நிலைப் பயிற்சியில்தான் வருகிறது என்று சொல்லிப் பாடத்திட்ட அலுவலர் படப்பிடிப்பை நிறுத்தினார்.

இப்படி நிறுத்தி நிறுத்தி எடுத்துக்கொண்டிருந்த இடைவெளியில்தான் விபரீதம். வெளிச்சமான கடை, அழகான பலகை, குளிர்ந்த அறை. கட்டடத்துக்கு வேறு வேலையாக வந்தவர்கள் உள்ளே நுழைந்து பைகளைத் திருப்பிப் பார்த்தார்கள், விலை கேட்டார்கள். கல்லாவுக்குப் பின்னால் வேஷத்தோடு உட்கார்ந்திருந்த முன்னுரைக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகப் போணியானது. அந்த ருசியை அவர் அறிந்ததில்லை. அடுத்தவருக்கும் விற்றார். கைதட்டி ஆள் கூப்பிடும் அளவுக்கு வந்துவிட்டார்.

தொடக்க விழா ஏற்பாடு பற்றிப் பேச அந்தப் பக்கம் வந்த உரிம ஆய்வாளர், சத்தம் கேட்டு உள்ளே எட்டிப்பார்த்தார். ஒல்லியான மனிதர், நிதானமான பேச்சு. பலகையைப் பார்த்தார், சரக்கைப் பார்த்தார், உரிமம் எங்கே என்று கேட்டார்.

இது கடை இல்லை, செட் என்றார் முன்னுரை.

"விக்கறீங்களா, இல்லையா?"

"விக்கறோம்."

"அப்ப கடை. பயிற்சிச் சான்றிதழ் இருக்கா?"

பயிற்சி இன்னும் முடியவில்லை என்று பதில் வந்தது. எந்தப் பயிற்சி என்று ஆய்வாளர் கேட்டார். இதோ இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோமே, அதுதான் என்றார்கள். ஆய்வாளர் எல்லாரையும் வெளியே வரச் சொன்னார். ஷட்டரை இறக்கி, நாடா சுற்றி, அரக்கு உருக்கிச் சீல் வைத்தார். பயிற்சி முடிந்தால்தான் சான்றிதழ். சான்றிதழ் வந்தால்தான் ஷட்டர் திறக்கும். ஷட்டர் திறந்தால்தான் பயிற்சியை எடுத்து முடிக்கலாம். இதில் எங்கே நுழைவது என்று பைக்கடைக்காரர் நின்ற இடத்திலேயே யோசித்து, தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

முன்னுரை கோபப்படவில்லை. கண் கலங்கியிருந்தது. ஊழியர்களை எல்லாம் சீல் வைத்த ஷட்டரின் முன்னால் கூட்டிப் பேசினார்.

"நாம கொண்டுவந்த விதி எவ்வளவு வலுவானதுன்னு இன்னிக்கு என் கண்ணாலயே பாத்தேன். என்னையே விடலை. நாளைக்கு இந்த ஊர்ல ஒரு கடையும் தப்பிக்க முடியாதுன்னு எனக்கு நம்பிக்கை வந்திருக்கு. ஒரு நிறுவனத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன வேணும்?"

ஊழியர்கள் கை தட்டினார்கள். கை தட்டி முடிகிறவரை காத்திருந்து, பைக்கடைக்காரர் தன் பைகள் உள்ளே இருப்பதை நினைவுபடுத்தினார். அவை இனி வெறும் பைகள் அல்ல, பாடப்பொருள் என்று முன்னுரை அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

பாடம் போனாலும் விழா நிற்காது, அழைப்பிதழ் போய்விட்டது. மேடையில் வெல்வெட் துணி போர்த்திய ஒரு பீடம் வைத்து, அதன் மேல் சிவப்புப் பொத்தான் பதித்திருந்தார்கள். அதற்கு ஒயர் இல்லை. சிறப்பு விருந்தினர் அதை அழுத்தினார். பாட்டு ஒலித்தது. வண்ணக் காகிதம் பறந்தது. யாரோ ஒருவர் பின்னால் அமர்ந்து உண்மையான பொத்தானை அழுத்தி, பயிற்சியை இணையத்தில் ஏற்றினார். பயிற்சியில் முதலில் முன்னுரையின் முன்னுரை இருந்தது. அடுத்துப் 'பாடங்கள் விரைவில்' என்று ஒரு பலகை. அதற்கடுத்துத் தேர்வு.

பாடத்திட்ட அலுவலருக்கு இதில் ஒரு பெருமை இருந்தது. 'கவனக் காவலன்' என்று ஒன்றைச் சேர்த்திருந்தார். கற்பவரின் கண்ணைக் கேமரா வழியே அது பார்த்துக்கொண்டிருக்கும். கண் திரையை விட்டு விலகினால் உரை முதலிலிருந்து தொடங்கும். கற்போர் ஏமாற்றக் கூடாது அல்லவா என்று மேடையில் சொன்னபோது கற்போர் பிரதிநிதியும் சேர்ந்துதான் கை தட்டினார்.

உரிமம் முடிய நாள் நெருங்கியது. மனைவி காலையில் எழுந்ததும் மையத்துக்குப் போய்விடுவாள், பைகளை எப்படியாவது வெளியே கொண்டுவர. அவர் கடையில் கைபேசியை ஒரு பெட்டியின்மேல் சாய்த்து வைத்துப் பயிற்சியைத் தொடங்கினார். திரையில் முன்னுரை தோன்றினார். வாடிக்கையாளரே நமக்கு எல்லாம் என்றார். வணிகம் எப்படித் தோன்றியது என்பதைக் கற்காலத்திலிருந்து ஆரம்பித்து நிதானமாக நடந்து வந்தார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஒரு வாடிக்கையாளர் கடைக்குள் நுழைந்ததும் நாம் செய்ய வேண்டிய முதல் வேலை" என்று சொன்ன அந்த நொடியில் ஒரு வாடிக்கையாளர் கடைக்குள் நுழைந்தார். பைக்கடைக்காரர் நிமிர்ந்து "வாங்க" என்றார்.

கற்காலம்.

வந்தவருக்குப் பை காட்டி அனுப்பிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். இரும்புக் காலத்தில் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். கற்காலம். நாணயம் கண்டுபிடித்த இடத்தில் செருப்புக்கடைக்காரர் தீப்பெட்டி கேட்டு வந்தார். கற்காலம். முதல் வேலை என்ன என்பது மட்டும் கடைசிவரை தெரியவில்லை.

ஒரு முடிவுக்கு வந்தார். யார் வந்தாலும் நிமிர்வதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. அவர் பார்க்கவில்லை. வந்தவர் சிறிது நேரம் நின்றார். தலை நிமிராமல் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கும் இடம் எது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். குரல் தானாகத் தாழ்ந்தது. கையைக் கட்டிக்கொண்டார்.

"ஐயா, பொண்ணுக்கு ஒரு ஸ்கூல் பை. அடையாள அட்டை நகலும் போட்டோவும் கொண்டு வந்திருக்கேன்."

பதில் இல்லை. அது எதிர்பார்த்ததுதான் என்பதால் அவர் ஓரமாக நின்றார். அடுத்து வந்தவர் அவருக்குப் பின்னால் நின்றார். அதற்கடுத்தவர் அவருக்குப் பின்னால். வரிசை வாசலைத் தாண்டியபோது செருப்புக்கடைக்காரர் வந்து, இங்கே என்ன இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று விசாரித்தார். வரிசையில் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் இடத்தை விடவும் யாரும் தயாரில்லை.

கைபேசியில் முன்னுரை மறுபடி குரலைத் தாழ்த்தினார். பைக்கடைக்காரரின் காது கூர்மையானது. "ஒரு வாடிக்கையாளர் கடைக்குள் நுழைந்ததும் நாம் செய்ய வேண்டிய முதல் வேலை என்ன என்பதை இரண்டாம் பாடத்தில் விரிவாகப் பார்ப்போம்."

அவர் அதிர்ந்துபோய் நிமிர்ந்தார். எதிரே வரிசை. பெட்டியின்மேல் கற்காலம். இத்தனை பேருக்கும் என்ன சொல்வதென்று தெரியாமல், "நாளைக்கு வாங்க" என்று வாயில் வந்துவிட்டது. ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு, நகல்களை மடித்து வைத்துக்கொண்டு ஒழுங்காகக் கலைந்துபோனார்கள்.

சாயங்காலம் மனைவி வெறுங்கையோடு வந்தாள். சீல் வைத்த கடையின் கடைக்காரர் முன்னுரைதானாம். ஆகவே அவர் பயிற்சியை முடித்தால்தான் ஷட்டர் திறக்கும். அவரும் தினம் உட்காருகிறாராம்.

"உக்காந்தா முடிச்சிடுவாரே" என்றார் பைக்கடைக்காரர்.

"எங்க முடிக்கறது? அவர் பேச்சைக் கேக்க ஆரம்பிச்சதும் அவருக்கே தூக்கம் வந்துடுது. கண்ணு மூடினா மறுபடி முதல்ல இருந்து. அந்தப் பைங்களை மறந்துடுங்க."

பிறகு கடையைச் சுற்றிப் பார்த்தாள். காலையில் எத்தனை பை தொங்கியதோ அத்தனையும் அப்படியே தொங்கின. யாரும் வரவில்லையா என்று கேட்டாள். நிறையப் பேர் வந்தார்கள், தான் பார்க்கவில்லை என்றார். அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். கத்தியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள்தான் கடைசி நாள். விடிந்ததும் அவள் வீட்டுச் சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தாள். அதைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி, மேசையில் கைபேசிக்கு எதிரே நிறுத்தினாள். போட்டோவில் மாப்பிள்ளை கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சுருட்டை முடி, கரேலென்ற மீசை, உப்பிய கன்னம். கண் இமைக்காது, தீப்பெட்டி கேட்டு யார் வந்தாலும் திரும்பாது. முன்னுரை பேச ஆரம்பித்தார். உடனே நின்றார். 'அறையில் வேறொருவர் இருக்கிறார்' என்று திரையில் எழுத்து வந்தது.

வேறொருவர் மாப்பிள்ளையின் பக்கத்தில் பட்டுப்புடவையில் நின்றிருந்தாள்.

"மடிங்க" என்றாள் மனைவி.

"வேணாம்மா."

"மடிங்கன்னா."

"கடை போனாப் போகுது. வேற எதாவது பண்ணிக்கலாம். உன்னை மடிச்சு உள்ள தள்ளிட்டு எனக்கு ஒரு சான்றிதழ் வேணாம்."

"கடை போயிட்டா நான் பக்கத்துலயே நின்னு என்ன பண்ணப் போறேன்? நாம ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருக்கணும். அது போட்டோவுலதான் நல்லா இருக்கும்" என்று சொல்லி, தன்னைத் தானே பின்பக்கமாக மடித்தாள். மடிப்பு சரியாகப் படியவில்லை. நகத்தால் அழுத்தித் தேய்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாப்பிள்ளையைப் படிக்கவிட்டு இருவரும் கடைக்குப் போனார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் என்பதால் கூட்டம் அலைமோதியது. நேற்று வரிசையில் நின்றவர்களில் பலர் நகல்களோடு வந்தார்கள். அவற்றை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு மனைவி ஏணியில் ஏறினாள். போன வருஷத்துப் பைகளை 'போன வருஷத்து மாதிரி இப்ப எங்கயும் கிடைக்காது' என்று சொல்லி விற்றாள். அவர் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்தார், "வாங்க" என்றார், "என்ன வேணும்?" என்று பின்தங்கிய முறையில் கேட்டார். மதியத்துக்குள் கூரையில் கம்பிதான் மிச்சம்.

அவள் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வந்தாள். தேர்வும் முடிந்திருந்தது. தேர்வில் ஒரே கேள்வி, கேமராவைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும். மாப்பிள்ளை சிறப்புத் தேர்ச்சி பெற்றிருந்தார். தொடர்ந்து இத்தனை நேரம் குறையாத வரவேற்பை மையத்தின் வரலாற்றில் வேறு யாரும் தந்ததில்லை என்று பாராட்டுக் குறிப்புக்கூட இருந்தது. வரலாறு தொடங்கி ஒரு வாரமே ஆகியிருந்தாலும் பாராட்டு பாராட்டுதான். சான்றிதழை அச்சடித்துக்கொண்டு வந்திருந்தாள். அதில் மூலையில் கேமரா பார்த்த முகத்தை வட்டமாகப் பதித்திருந்தார்கள்.

ஷட்டரை இறக்கும் வேளைக்கு உரிம ஆய்வாளர் வந்தார். கையில் பை. பைக்குள் நாடா, அரக்கு, முத்திரை எல்லாம் இருப்பது வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தது. செருப்புக்கடைக்காரர் தன் கடை வாசலில் வந்து நின்றார். இன்று அவர் முகத்தில் நகைச்சுவை இல்லை. அடுத்த முறை தன்னுடையது என்று அவருக்கும் உறைத்திருந்தது.

ஆய்வாளர் சான்றிதழை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பைக்கடைக்காரரைப் பார்த்தார். மறுபடி சான்றிதழை. அதில் சுருட்டை முடி. இங்கே நெற்றி உச்சிவரை ஏறியிருந்தது. அதில் கரிய மீசை. இங்கே சாம்பல். அதில் உப்பிய கன்னம். இங்கே கண்ணுக்குக் கீழே இரண்டு காலிப் பைகள் தொங்கின.

"இது நீங்களா?"

கடைக்காரர்கள் பொய் சொல்வதற்குத் தயங்குவதில்லை என்று குழுவின் அறிக்கையில் ஒரு பக்கம் இருந்தது. பைக்கடைக்காரரை அந்தக் குழு பார்த்திருக்கவில்லை. எதிரே நிற்பவர் முகம் சுருங்கியதுமே அவர் உள்ளுக்குள் விலையைக் குறைக்க ஆரம்பித்துவிட்டார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, போட்டோவைப் பற்றிச் சொல்லி, சாவியை அவரே கழற்றிக் கொடுத்துவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

மனைவி ஏணியிலிருந்து இறங்கி நடுவில் வந்து நின்றாள். வாடிக்கையாளர் பாதி விலைக்குக் கேட்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

"இவரேதான் சார். நல்லாப் பாருங்க. உங்க மையத்துக்குப் போக ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மனுஷன் இப்படித்தான் இருந்தார்."

ஆய்வாளர் சான்றிதழைத் தாழ்த்தவில்லை. அதற்கு மேலாகப் பைக்கடைக்காரரின் நெற்றியை, மீசையை, கண்ணுக்குக் கீழே இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு கை தானாகப் போய்த் தன் தலைமுடியைத் தடவியது. கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். அரக்கை உள்ளே தள்ளிவிட்டு, உரிமத்தை எடுத்துப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டார். போகும்போது படிவரை போய்த் திரும்பினார்.

"ஆய்வாளருங்களுக்கும் அடுத்த வாரத்துல இருந்து பயிற்சி போட்டிருக்காங்கம்மா" என்றார். குரல் நேற்று வரிசையில் நின்றவருடையதுபோலத் தாழ்ந்திருந்தது. "வீட்டுல நல்ல போட்டோவா ஒண்ணு தேடி வைக்கச் சொல்லணும்."